பதினேழாம் தொட்டி

மேலூர்ச் செம்மண்ணைச் சலித்து
ஆட்டோகிளேவில் இரண்டு முறை அவித்தோம்.
இட்லிக் கொப்பரை மாதிரிதான்,
வெந்து வந்ததில் மட்டும் உயிர் என்று எதுவும் இல்லை.
அப்படித்தான் இருக்கணும் என்றார் ஜெனோவா மேடம்.
நாற்பது தொட்டி, நாற்பது தக்காளி நாற்று.
ஒற்றைப்படைக்கு வெறும் மண்.
இரட்டைப்படைக்கு ஒரு கரண்டி வேர் உட்பூசணம்.
பார்வைக்கு அதுவும் மண்தான்.

மூன்று வாரம் வித்தியாசமே இல்லை.
இதற்காகவா திங்கட்கிழமை லீவு தரவில்லை
என்று முனகிக்கொண்டே தண்ணீர் அளந்து ஊற்றினேன்.
நாலாவது வாரம் இரட்டைப்படைகள் எழுந்துகொண்டன.
தண்டு சுண்டுவிரல் பருமன், கவட்டையில் மொட்டு.
ஒற்றைப்படைகள் நின்ற இடத்தில் நின்றன.
இலையைத் திருப்பினால் ஊதா.
அடிபட்டுக் கன்றுமே, அந்த ஊதா.

"மணிச்சத்து மண்ணுலதான் இருக்கு ஒச்சம்மா,
வேருக்குக் கை எட்டல."
பூசண இழை தலைமுடியை விட மெலிசாம்.
வேர் நுழையாத சந்தில் நுழைந்து
எடுத்து வந்து கொடுக்குமாம். சும்மா இல்லை,
செடி வெயிலில் காய்ச்சிய சர்க்கரைக்கு.
நாம் சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால்
செடி கதவைச் சாத்திக்கொள்ளுமாம், இனி நீ எதற்கு என்று.
அந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.
என் கொழுந்தன் திருப்பூரில் கார் வாங்கிய கதை.

மாதிரி வேரைக் காரத்தில் வேகவைத்து
வினிகரில் பேனா மை கலந்து ஊற்றுவது என் வேலை.
பள்ளிக்கூட வாசல் கடையில் வாங்கிய நீல மை.
கழுவி, கண்ணாடிச் சில்லில் வைத்துக் குனிந்தால்
வேரின் அறைக்கு அறை
ஒரு நீல மரம்.
கிளையில் கிளை பிரிந்து, நுனியில் நுனி பிரிந்து,
அறையைக் கிழிக்காமல் உள்ளே வந்து எப்படித் தழைத்தது?
செடி இடம் விட்டிருக்கிறது.
சில நாள்தான் அந்த மரத்துக்கு ஆயுள்.
பிறகு செடியே கரைத்துவிடும்,
பக்கத்து அறையில் இன்னொன்று முளைக்கும்.
ஒற்றைப்படை வேரில் வெற்று அறைகள்.
எல்லோரும் காலி செய்து போன லைன் வீடு.

பதினேழுக்கு மட்டும் ஏன் செய்தேன், தெரியாது.
ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்துப் பூவரசடியில்
டிபன் பாக்ஸ் மூடியால் மண் அள்ளினேன்.
டீக்கடைத் தண்ணீர் ஓடிய மண், உள்ளே ஒரு பீடித்துண்டு.
யானைமலை பார்த்தது. அது எந்நேரமும்
படுத்தபடி எதையாவது பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.
நிழல்வலைக்குள் யாரும் இல்லை.
விரலால் குழி பறித்து, போட்டு, மூடினேன்.

பத்து நாள் யோசித்தது பதினேழு.
அப்புறம் ஊதா வடிந்தது.

கடைசி நாள் எல்லாவற்றையும் பிடுங்கினோம்.
பூத்தது, பூக்காதது பேதமில்லை.
எழுபது டிகிரி அடுப்பில் காய வேண்டும், எடை போட.
கட்டடம் முழுக்கத் தக்காளி இலை வாசம்.
இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் போட்டேன்.
பதினைந்து, மூன்று கிராம்.
பத்தொன்பது, மூன்று கிராம் சொச்சம்.
பதினேழு, ஏழரை.

அதன் வேருக்கு மேடமே மை ஊற்றினார்.
வெகுநேரம் தலை நிமிரவில்லை.
"எங்கேயோ கலந்திருக்கு" என்று
சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார்.
பிறகு என் நகக்கண்ணைப் பார்த்தார்,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
"ஒற்றைப்படை மட்டும் மறுபடி போடலாம்.
இந்தத் தடவை மூணு முறை அவிச்சிரு."

மிச்சத் தொட்டி மண்ணைக் குப்பைக்குழியில் கொட்டினேன்.
பதினேழை மட்டும் கேரிபேக்கில் கட்டி
பூவரசடியில் பரப்பி, செருப்பால் லேசாக மிதித்தேன்.
மேலூர் வண்டி வந்தது.
கண்டக்டர் சில்லறை கேட்டார்.
பைக்குள் விட்ட கை மையும் மண்ணுமாக வெளியே வந்தது.